பாஞ்ஞா காவ்தாவுக்கு ஒத்துவந்த பார்பேரா: நான்கு ஞாயிற்றுக்கிழமைகளின் குறிப்பு

நான்கு ஞாயிறு, பதின்மூன்று முழுப் பூண்டு, நான்கு பாட்டில் ஒயின். பாஞ்ஞா காவ்தா என்ற பூண்டுக் குழம்புக்கு ஒயின் நேற்று இரவுதான் ஒத்துவந்தது. ஒத்துவந்தது இருப்பதிலேயே விலை குறைந்த பாட்டில், 7 யூரோ 80 சென்ட். கை சூட்டோடு எழுதிவைக்கிறேன். இத்தாலியில் இருந்துகொண்டு இதைச் செய்துபார்க்க நினைக்கும் யாருக்காவது என் மூன்று ஞாயிறுகள் மிச்சமாகட்டும்.

நான் இருப்பது தொரீனோவில். பியெமோந்தே மாநிலத்தின் தலைநகரம். இங்கே திராட்சை அறுவடை முடிந்து குளிர் இறங்கியதும் வீட்டுக்கு வீடு பாஞ்ஞா காவ்தா தொடங்கிவிடும். வட்டாரப் பேச்சில் 'சூடான குழம்பு' என்று பொருள். பூண்டு, உப்பில் பதப்படுத்திய அஞ்சோவி மீன், ஆலிவ் எண்ணெய், அவ்வளவுதான். அஞ்சோவி நம் நெத்திலிக்குச் சொந்தக்கார மீன், உருவம் கொஞ்சம் பெரிது. குழம்பை ஃபூயோத் என்ற சின்ன மண் அடுப்புச் சட்டியில் ஊற்றி, அடியில் ஒரு மெழுகுவத்தியை ஏற்றி, சூடு ஆறாமல் மேசையில் வைப்பார்கள். பச்சைக் காய்கறியையும் சுட்ட காய்கறியையும் அதில் தோய்த்துத் தோய்த்துச் சாப்பிட வேண்டும்.

அளவுக்கு நான் எடுத்துக்கொண்டது ஆஸ்தி வட்டாரக் குறிப்பு. இத்தாலிய சமையல் அகாதெமியின் ஆஸ்திக் கிளை 2005இல் கொஸ்தில்யோலே ஊரில் பதிவுசெய்து வைத்தது. 12 பேருக்கு 12 முழுப் பூண்டு, ஒயின் கிளாஸால் 6 கிளாஸ் ஆலிவ் எண்ணெய், 600 கிராம் அஞ்சோவி, கிடைத்தால் ஒரு சின்னக் கிளாஸ் வால்நட் எண்ணெய். ஆளுக்கு ஒரு முழுப் பூண்டா என்று முதலில் மலைத்தேன். குறைக்க வேண்டாம். பக்குவமாக வெந்தால் அது வெண்ணெய் மாதிரி ஆகிவிடுகிறது.

இதோடு குடிப்பது பார்பேரா என்ற உள்ளூர்ச் சிவப்பு ஒயின் என்று இங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் அதைக் கேட்காமல் நெபியோலோவில் ஆரம்பித்தேன். முதல் தப்பு அங்கேதான்.

முதல் ஞாயிறு

பரோலோ, பார்பரெஸ்கோ என்ற பெரிய பெயர்களெல்லாம் நெபியோலோ திராட்சையில்தான் பிழியப்படுகின்றன. பெரிய திராட்சை என்றால் உள்ளூர்ச் சாப்பாட்டோடு இன்னும் நன்றாகத்தானே இருக்கும் என்று நினைத்தேன். லாங்கே நெபியோலோ ஒரு பாட்டில், 13.50 யூரோ. தனியாகக் குடித்தபோது அருமை. நிறம் வெளிறிய மாதுளை. காய்ந்த ரோஜா இதழ், செர்ரி, அதற்கடியில் லேசாகத் தார் மணம்.

கார்தோ என்ற காய்கறிச் செடியின் தண்டைக் குழம்பில் தோய்த்து ஒரு வாய் கடித்து, ஒயினை ஒரு மிடறு விழுங்கினேன். பழைய இரும்புச் சாவியை நாக்கில் வைத்த மாதிரி இருந்தது. பின்னாலேயே துவர்ப்பு ஏறியது. கொட்டைப்பாக்கைப் பச்சையாகக் கடித்தால் கன்னத்தின் உட்புறம் இழுத்துக்கொள்ளுமே, அதே இழுப்பு. கார்தோவுக்கே கசப்பும் துவர்ப்பும் உண்டு. நெபியோலோ அதன்மேல் இன்னொரு அடுக்கு போட்டது. மூன்று பேர் இருந்தோம், மூன்று பேரும் கிளாஸைத் தள்ளிவைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தோம்.

மிச்சமிருந்த அரைப் பாட்டிலை மூடி வைத்து, மறுநாள் மாட்டிறைச்சித் துண்டு ஒன்றைக் கொழுப்போடு வாட்டி அதோடு குடித்தேன். அந்தத் துவர்ப்பு இருந்த இடமே தெரியவில்லை. இறைச்சியும் கொழுப்பும் அதை உறிஞ்சிக்கொண்டன. பாட்டில் நல்ல பாட்டில்தான், நான் உட்காரவைத்த பந்திதான் தப்பு.

இரண்டாம் ஞாயிறு

சரி, பார்பேராவே வாங்குவோம் என்று கடைக்குப் போனேன். 'பார்பேரா த'ஆஸ்தி சுப்பெரியோரே' என்று ஒரு பாட்டில், 16 யூரோ. சுப்பெரியோரே என்றால் உயர்ந்தது என்று எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து பின்பக்க லேபிளைப் படித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. சுப்பெரியோரே என்று போட வேண்டுமானால் குறைந்தது 14 மாதம் வைத்திருக்க வேண்டும், அதில் 6 மாதம் மரப் பீப்பாயில். இந்தப் பாட்டில் 225 லிட்டர் சின்ன ஓக் பீப்பாயில், பாரீக்கில், ஓராண்டுக்கு மேல் இருந்திருக்கிறது.

பார்பேராவைப் பாரீக்கில் வைத்துப் பெரிய ஒயினாக்கிக் காட்டியவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் ரொக்கெத்தா தானரோ ஊரின் ஜாக்கொமோ பொலோஞ்ஞா. அவருடைய பிரிக்கோ தெல்லுச்செல்லோனே 1982 அறுவடையில் தொடங்கியது. அதுவரை அன்றாட மேசை ஒயின் என்று நினைத்திருந்த பார்பேராவை உலகம் திரும்பிப் பார்த்தது அதற்குப் பிறகுதான். அந்த வழியில் வந்த ஒயின்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. பூண்டும் அஞ்சோவியும் உள்ள மேசைக்கு மட்டும் அவை வேண்டாம்.

காரணம், மரம் தருகிற வெனிலா வாசனை பூண்டோடு சேரவே சேராது. பாயசத்தில் யாரோ பூண்டு தட்டிப் போட்ட மாதிரி. கூடவே இன்னொரு தப்பும் செய்திருந்தேன். பாட்டில் ஹீட்டர் பக்கத்து அலமாரியில் இருந்தது. வெப்பமானியை கிளாஸில் விட்டுப் பார்த்தால் 23 டிகிரி. 14.5 சதவீதச் சாராயம் அந்தச் சூட்டில் மூக்கில் குத்தியது, பூண்டின் காரத்தோடு சேர்ந்து தொண்டையில் எரிந்தது. ஒரு கிளாஸைப் பால்கனியில் கால் மணி நேரம் வைத்தேன், 16 டிகிரிக்கு இறங்கியது. எரிச்சல் பாதி போனது. வெனிலா அப்படியே நின்றது. ஆக, சூடு ஒரு கோளாறு, மரம் இன்னொரு கோளாறு. இரண்டையும் பிரித்துப் பார்க்க முடிந்ததே அன்றைக்குக் கிடைத்த லாபம்.

மூன்றாம் ஞாயிறு

இந்த முறை சாதாரணப் பார்பேரா த'ஆஸ்தி. மரம் படாமல் எஃகுத் தொட்டியிலேயே இருந்தது, 13 சதவீதம், 7.80 யூரோ. 22 டிகிரி அறையிலிருந்து எடுத்து ஃப்ரிட்ஜில் 75 நிமிடம் வைத்தேன். வெளியே வந்தபோது 15. ஊற்றியதும் கருஞ்சிவப்பு, ஓரத்தில் ஊதா. புளிப்புச் செர்ரி, கொஞ்சம் பிளம். நாக்கில் துவர்ப்பு ஏறக்குறைய இல்லை, ஆனால் புளிப்பு இரண்டு தாடையோரமும் எச்சில் ஊற வைத்தது. இதுதான் என்று தோன்றியது.

குழம்போடு குடித்தால் கசப்பு. அதோடு ஒயின் தண்ணீராகத் தெரிந்தது. மூன்று வாரம் போன பிறகு இப்படி ஆனதில் உண்மையாகவே மனசு விட்டுப்போனது. ஆனாலும் மேசையைக் கலைக்காமல் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தோம்.

முதலில் ரொட்டியில் வெண்ணெய் தடவி, குழம்பில் போகாத ஒரு அஞ்சோவித் துண்டை மேலே வைத்துக் கடித்து, ஒயின் குடித்தேன். பிரமாதம். அப்படியானால் மீனும் ஒயினும் சண்டை போடவில்லை. அடுத்து வெறும் ரொட்டியைக் குழம்பில் தோய்த்துச் சாப்பிட்டேன், ஒயினே இல்லாமல். கசந்தது. கரண்டியால் அடியைக் கிளறினால் பூண்டு பழுப்பேறியிருந்தது. மண்சட்டியை நேரே கேஸ் தீயில் வைத்திருந்தேன். வெப்பமானியை அடிவரை விட்டதில் 138 டிகிரி. வெந்திருக்க வேண்டிய பூண்டு பொரிந்துவிட்டது.

தண்ணீர்த்தனம் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க இன்னும் அரை மணி நேரம் ஆனது. கார்தோவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். நீட்சா மொன்ஃபெர்ராத்தோ ஊர்ப்பக்கம் விளையும் 'கூன் கார்தோ' இந்தச் சாப்பாட்டின் ராஜா. செடியை வளைத்து மண்ணால் மூடிவிடுவார்கள். வெளிச்சத்தைத் தேடி உள்ளுக்குள்ளேயே வளைந்து, வெளுத்து, பச்சையாகத் தின்னும் அளவுக்கு மென்மையாகிவிடும். நறுக்கியதும் வாழைப்பூ, வாழைத்தண்டு போலவே கறுக்கும். நாம் மோரில் போடுவோம், இவர்கள் எலுமிச்சை பிழிந்த தண்ணீரில் போடுவார்கள். நான் அந்தத் தண்ணீரிலிருந்து எடுத்து அப்படியே தட்டில் வைத்திருந்தேன். எலுமிச்சையின் புளிப்பு வாயில் நின்றதால் ஒயினின் புளிப்பு தெரியாமல் போய்விட்டது. நான்கு துண்டுகளைக் குழாயில் நன்றாக அலசி, துணியில் ஒற்றி எடுத்துச் சாப்பிட்டதும் ஒயின் திரும்பி வந்தது. கண்ணெதிரே ஒருவர் எழுந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

நெத்திலிக் குழம்பில் புளி ஒரு சொட்டு குறைந்தாலும் அம்மா மணத்திலேயே சொல்லிவிடுவார். எண்ணெயும் மீனும் உப்பும் சேர்ந்த இடத்தில் புளிப்புக்கு என்ன வேலை என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இங்கே அந்தப் புளி கிளாஸில் இருக்கிறது, தட்டில் இருக்கக் கூடாது.

நான்காம் ஞாயிறு

கீழ்வீட்டு சிஞ்ஞோரா, அதாவது கீழ்வீட்டு அம்மா, மொன்ஃபெர்ராத்தோ பக்கத்துக்காரர், எண்பதை நெருங்குகிறார். மூன்று வாரமாக மாடிப்படியில் பூண்டு வாசனை வருகிறதே, யார் என்று கேட்டு அவரே மேலே வந்தார். சொன்னேன். ஞாயிறு மாலை நான்கு மணிக்கு இரும்பு வட்டத் தகடு ஒன்றோடு வந்து நின்றார். தீக்கும் மண்சட்டிக்கும் நடுவே வைக்கிற தகடு, தோசைக்கல்லை விடச் சின்னது. கடையில் 5 யூரோவுக்குக் கிடைக்கும். இது இருந்திருந்தால் மூன்றாம் ஞாயிறு தப்பித்திருக்கும்.

நான்கு பேருக்கு நான்கு முழுப் பூண்டு. ஒவ்வொரு பல்லையும் நெடுக்காகப் பிளந்து உள்ளே இருக்கும் முளையை எடுத்தோம். இது மட்டும் 25 நிமிடம். மீன் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை: உப்போடும் முள்ளோடும் எடை போட்டால் கணக்கு தப்பும். போர்த்தா பலாத்சோ சந்தையில் 330 கிராம் வாங்கியது, உப்பு தட்டி, நடுமுள் உருவி, அலசி முடித்தபோது 205 கிராம்தான் நின்றது. எனக்குத் தேவை 200. முதல் வாரங்களில் முழு மீனாக எடை போட்டதால் குழம்பு சப்பென்று இருந்திருக்கிறது, அது கூடத் தெரியாமல் ஒயினைக் குறை சொல்லியிருக்கிறேன். கடைசி அலசல் தண்ணீரில் அல்ல, அதே பார்பேராவில். இரண்டு மேசைக்கரண்டி போதும். பிறகு துணியில் ஒற்றிக் காயவைக்க வேண்டும்.

பூண்டை மெல்லிசாகச் சீவி, சட்டியில் ஒரு கோப்பை எண்ணெயோடு போட்டு, தகட்டின்மேல் ஆகக் குறைந்த தீயில் ஏற்றினோம். மரக்கரண்டியால் கிண்டியபடியே இருக்க வேண்டும். நான் வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருந்தேன், சிஞ்ஞோரா காதால் பார்த்துக்கொண்டிருந்தார். "எண்ணெய் சத்தம் போடக் கூடாது," என்றார். அவர் தீயைத் தணிக்கச் சொன்ன ஒவ்வொரு முறையும் வெப்பமானியில் 95க்கு மேல் ஏறியிருந்தது. 85க்கும் 95க்கும் நடுவில் வைத்திருந்தால் சத்தம் இல்லை, நிறமும் மாறாது. பூண்டு கரண்டியில் நசுங்கும் பதம் வந்ததும் மீனைப் போட்டு, மிச்ச எண்ணெயை ஊற்றினோம், மொத்தம் 300 மில்லி. இன்னும் அரை மணி நேரம். மீன் துண்டு துண்டாகக் கரைந்து, ஈர மணல் நிறத்தில் ஒரு கலவை வந்தது. இறக்கும்போது வால்நட் எண்ணெய் இரண்டு கரண்டி.

ஒயினை முன்கூட்டியே ருசி பார்த்துவிட வேண்டும் என்பதை இரண்டாம் வாரத்திலேயே கற்றிருந்தேன். சட்டி மேசைக்கு வந்த பிறகு மூக்கு பூண்டுக்குப் போய்விடும், ஒயினில் எதையும் மோந்து பார்க்க முடியாது. அதனால் கதவை மூடிக்கொண்டு படுக்கையறையில் நான்கு கிளாஸிலும் 50 மில்லி ஊற்றி, மோந்து, குறிப்பெழுதி, பிறகுதான் சமையலறைக்கு வந்தோம். கிளாஸ்களை சோப்பு இல்லாமல் வெந்நீரில் கழுவியிருந்தேன். சிஞ்ஞோரா ஒரு மிடறு குடித்து, "இவள் போதும்," என்றார். ஒயினுக்கான இத்தாலியச் சொல் ஆண்பால், ஆனால் பியெமோந்தேக்காரர்கள் வாயில் பார்பேரா எப்போதும் பெண்பால்தான்.

சுட்டுத் தோலுரித்த சிவப்புக் குடைமிளகாயை முதலில் தோய்த்தேன். எண்ணெய் கையில் வழியாமல் இருக்க அடியில் ரொட்டித் துண்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அந்த ரொட்டி கடைசியில் தனி விருந்து. மிளகாயின் தித்திப்பு, மீனின் உப்பு, பூண்டு வெண்ணெயாக நாக்கு முழுக்கப் பரவியது. அப்போது ஒயின். எண்ணெய்ப் பூச்சை ஒரே இழுப்பில் துடைத்துவிட்டு, செர்ரிப் பழம் மட்டும் நின்றது. இரும்பு இல்லை, கசப்பு இல்லை, எரிச்சல் இல்லை. வாய் சுத்தமாகி உடனே அடுத்த துண்டைக் கேட்டது. யாரும் பேசவில்லை, சட்டியில் கை போய் வந்துகொண்டிருந்தது. முதல் கால் மணி நேரம் நான் குறிப்பே எழுதவில்லை.

பிறகு காய்களை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். குடைமிளகாய்க்கு முதலிடம். அடுப்பில் வேகவைத்த பீட்ரூட் அடுத்தது, அதன் மண்வாசம் ஒயினின் பழத்தை இன்னும் தூக்கிக் கொடுத்தது. பச்சை முட்டைகோஸ் இலை நன்று. அலசித் துடைத்த கார்தோ, இப்போது எலுமிச்சை இல்லாமல், லேசான கசப்போடு அழகாக நின்றது. அவித்த உருளைக்கிழங்கு எதற்கும் பகையில்லை, நடுநடுவே நாக்குக்கு ஓய்வு. ஆர்ட்டிசோக் மட்டும் வேண்டாம். அதைச் சாப்பிட்டுக் குடித்தால் ஒயின் திடீரென்று சர்க்கரை போட்டதுபோல் ஆகிறது, அந்த மாற்றம் இரண்டு மூன்று மிடறு வரை போகவில்லை. ரொட்டி தின்று தண்ணீர் குடித்த பிறகே சரியானது.

கிளாஸில் ஒயின் 15 டிகிரியில் தொடங்கி இருபது நிமிடத்தில் 18ஐ எட்டியது. 18க்கு மேல் பூண்டோடு மறுபடி எரிய ஆரம்பித்தது. அதனால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, பாட்டிலைப் பால்கனிக் கதவோரம் வைத்துக்கொண்டோம். நான்கு பேருக்கு ஒரு பாட்டில் தாராளமாகப் போதுமாக இருந்தது.

செலவு, நான்காம் ஞாயிறு மட்டும்: ஒயின் 7.80, அஞ்சோவி 7.25, பூண்டு 2.40, ஆலிவ் எண்ணெய் ஏறக்குறைய 2.70, கார்தோவும் மற்றக் காய்களும் 8.50, ரொட்டி 2. மொத்தம் 30.65 யூரோ, ஆளுக்கு எட்டுக்கும் குறைவு. வால்நட் எண்ணெய் சிஞ்ஞோரா வீட்டிலிருந்து வந்தது. ஒருமுறைச் செலவாக வெப்பமானி 12.90, சனிக்கிழமை பலோன் பழைய பொருள் சந்தையில் வாங்கிய நான்கு ஃபூயோத் 24. ஒரு சட்டியின் விளிம்பில் மயிர்க்கோட்டு விரிசல் இருந்தது. இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்துத்தான் முதல் தடவை ஏற்றினேன், இதுவரை தாங்குகிறது. முதல் மூன்று ஞாயிறுக்குப் போன காசை நான் கூட்டிப் பார்க்கவில்லை.

அடுத்த முறை மாற்ற நினைப்பவை: ஒருவருக்கு மட்டுமாவது பூண்டைப் பாலில் வேகவைத்து, அந்தச் சாந்தமான வகைக்கும் இதே ஒயின் ஒத்துவருகிறதா, புளிப்பு தூக்கலாகத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். லேசாகப் பொங்கும் மொன்ஃபெர்ராத்தோ பார்பேரா ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். அந்த நுரை எண்ணெயை இன்னும் நன்றாக அறுக்கும் என்று சிஞ்ஞோரா அடித்துச் சொல்கிறார். நீட்சா என்று 2014இலிருந்து தனிப்பெயரோடு வரும் பார்பேராவையும் ஒரு நாள் வாங்குவேன், ஆனால் அதை இந்த மேசைக்குக் கொண்டுவர மாட்டேன், இறைச்சி சமைக்கும் நாளுக்கு வைத்துக்கொள்வேன்.

கடைசியாக, சட்டியின் அடியில் இரண்டு விரல் குழம்பு நின்றபோது சிஞ்ஞோரா முட்டை கேட்டார். சட்டிக்கு ஒன்று, மெழுகுவத்தி எரியும்போதே உடைத்து ஊற்றி மரக்கரண்டியால் கிண்ட வேண்டும். மெழுகுவத்திச் சூட்டில் முட்டை திரண்டு வர ஆறு நிமிடம் ஆனது. பாட்டிலில் மிஞ்சியிருந்ததை நான்காகப் பங்கிட்டேன், கிளாஸுக்கு ஒரு மிடறுதான் வந்தது. சிஞ்ஞோரா தன் பங்கைக் குடிக்காமல் வைத்திருந்து, முட்டையின் கடைசி வாய்க்குப் பிறகு குடித்தார்.